அவளுக்கு வராத நான்கு வரி

முதலில் அச்சுக் கோக்கிற தங்கையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து எப்போதுமே கோணல். இந்த முறை முன்னைவிட மோசம். பல இடங்களில் அடித்து அடித்து எழுதியிருக்கிறேன். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே குடும்பம்; இடம் மாறி உட்கார்ந்திருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள் அம்மா. தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். அதற்கு மேல் படிக்க பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பேருந்தில் போக வேண்டும். போகவில்லை.

கொஞ்ச காலமாக இந்தப் பகுதி வரவில்லை. ‘எழுத்தாளருக்கு உடல்நலம் சரியில்லை’ என்று ஆசிரியர் போட்டிருந்தார். அவருக்கு நல்ல மனது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. வழக்கம்போல கோலா சிலாங்கூரில், வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையில் நின்று தே தாரிக் தேநீர் ஆற்றிக்கொண்டுதான் இருந்தேன். எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறெதையும் எழுத முடியாது போலிருக்கிறது.

மேசை மேல் ஒரு படம்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் மச்சான் குணசேகரன் வீட்டுக்கு வந்தார். இறந்துபோன என் மனைவி வசந்தாவின் அண்ணன். பத்தாங் பெர்ஜுந்தாயில் சொந்தமாக இரண்டு லோரி வைத்து எண்ணெய்ப்பனைப் பழக்குலை ஏற்றுகிறவர். வந்தவர் உட்காரவில்லை. கையில் இருந்த பெரிய உறையைப் பிரித்து ஒரு படத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தார்.

வசந்தாவின் முகம். கழுத்துக்குக் கீழே மாம்பழ நிறத்தில் பட்டுப் புடவை. கழுத்தோடு ஒட்டிய அட்டிகை. அவளிடம் அப்படி ஒரு அட்டிகை இருந்ததே இல்லை.

“ஐசி கார்டுல இருந்த படத்த வச்சி ஸ்டூடியோக்காரன் பண்ணுனது மாப்ள. ஒடம்பு யாரோடதோ. மூஞ்சி நம்மளுது. எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு மச்சான்.”

“மொத வருசத் திதி வருதுல்ல. பேப்பர்ல கால் பக்கம் போடலாம்னு சொல்லி வச்சிட்டேன். கலர்ல. படம் நான் குடுத்துட்டேன். கவிதை நீ குடுத்துரு. நாலு வரிதான். உனக்கு அதெல்லாம் ஒரு வேலையா? தே ஆத்துற நேரத்துல எழுதிருவே.”

நான் தலையை ஆட்டினேன். எனக்கு யாரிடமும் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்ல வராது. அவர் செருப்பு மாட்டும் வரை காத்திருந்து, வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னேன்.

“அவ வேணாம்னு சொல்லியிருக்கா மச்சான்.”

“யாரு?”

“வசந்தாதான். இந்த மாதிரி கவிதையெல்லாம் தனக்குப் போடக்கூடாதுன்னு.”

“எப்ப சொன்னா?”

“சும்மா பேசறப்ப.”

“சும்மா பேசறப்ப சொன்னதெல்லாம் ஒரு பேச்சா? சும்மா பேசறப்ப அவ என்னயும்தான் செத்துப் போன்னு சொல்லியிருக்கா. நான் போயிட்டனா?” அவர் சிரிக்கவில்லை. “ஊருக்கெல்லாம் எழுதுனவன் நீ. உன் பொண்டாட்டிக்கு வரலன்னா சனங்க என்னா நெனைக்கும்? அவள நீ நல்லா வச்சிக்கலன்னுதான் நெனைக்கும். நீ எழுதலன்னா, இந்த வாசல நான் மிதிக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

லோரியின் சத்தம் தெரு முனை திரும்பும் வரை கேட்டது.

மண்டோரின் அம்மா

நினைவஞ்சலிக் கவிதை எழுதும் இந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்று பழைய வாசகர்களுக்குக்கூடச் சொன்னதில்லை.

தோட்டம் இருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி ஓரிரண்டு வருடம். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பக்கத்து வீடு மண்டோருடையது. வேலைக்காரர்களைக் காலையில் பேர் கூப்பிட்டு அனுப்புகிறவர். அவர் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் பேப்பரின் நினைவஞ்சலிப் பக்கத்தோடு வந்து நின்றார்.

“நீதான் பேப்பர் விடாம படிக்கறவனாச்சே. இந்த மாதிரி ஒண்ணு எழுதிக் குடு. ஆனா இந்த மாதிரி இருக்கக் கூடாது.”

பயத்தில் எழுதினேன். குளியலறைத் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து, ஒரு பிஸ்கட் அட்டையின் உள்பக்கத்தில். அது இதுதான்:

*குன்றாத விளக்கே, குளிர்நிழல் மரமே,*
*சென்ற இடம் எங்கே, சொல்லாமல் போனதேன்?*
*இன்றோடு ஓராண்டு, எங்களுக்கோ நூறாண்டு,*
*நின்றாடும் உன் நினைவில் நித்தமும் வாழ்கிறோம்.*

பேப்பரில் வந்த அன்று மண்டோர் அதைக் கோயில் வாசலில் வைத்துச் சத்தமாகப் படித்தார். பாதியில் குரல் உடைந்தது. அன்றைக்கு எனக்கு லேசான வேலை போட்டார்.

வசந்தா மட்டும் சிரித்தாள். தரையில் பேப்பரை விரித்து அதன் மேல் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக் கிள்ளி ஒரு பக்கம், மீனை ஒரு பக்கம்.

“குளிர்நிழல் மரமா? அந்தக் கெழவி வீட்டுக் கொழாயில ஒரு வாளி தண்ணி புடிக்க விட்டிருக்காளா என்னய? கைப்புள்ளையோட நின்னேன், கொழாயப் பூட்டிட்டுப் போனா. மரமாம், மரம்.”

“பேப்பருக்கு அப்படித்தான் எழுதணும்.”

“அப்ப விளக்கு?”

“அதுவும் அப்படித்தான்.”

“நல்லா எழுதற. வாயத் தொறந்தா பேச்சே வராது, பொய் மட்டும் எப்படி இப்படிக் கோவையா வருது?”

அதன் பிறகு ஊரே வந்தது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தார்கள். தோட்டம் கைமாறி நாங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்குக் குடிபோன பிறகும் வந்தார்கள். காசு வாங்கமாட்டேன். பப்பாளி கொண்டுவருவார்கள், பூந்தி கொண்டுவருவார்கள். அடித்து உதைத்த புருஷனுக்கு ‘அன்பின் சிகரமே’ போட்டேன். மகனையே வீட்டைவிட்டு விரட்டிய அப்பாவுக்கு ‘அரவணைத்த கரமே’ போட்டேன். ஊற்றிக் கொடுத்தே மருமகனைக் கெடுத்த மாமனாருக்கு ‘வழிகாட்டும் தீபமே’. குழாய்த் தண்ணீர் மாதிரி வந்தது. திருகினால் போதும்.

அந்த பூட்ஸ்

ஒரே ஒருவர்தான் திருப்பிக் கேட்டார். சுங்கை பஞ்சாங்கிலிருந்து வந்த ஓர் அக்கா. நான் யார் வந்தாலும் முதலில், “அவரு எப்படி, சொல்லுங்க” என்று கேட்பேன். அது மரியாதைக்கு. சொல்வதை எழுதமாட்டேன். அந்த அக்கா நிறையப் பேசவில்லை.

“மழ நாள்ல நான் வயக்காட்டு வேலைக்குப் போவேன் தம்பி. ராத்திரியே என் ரப்பர் பூட்ச எடுத்து அடுப்புக்கிட்டக் கவுத்து வச்சிருவாரு. காலைல கால உட்டா சூடா இருக்கும். அதான்.”

நான் எழுதிக் கொடுத்ததை அவர் இரண்டு முறை படித்தார்.

“பூட்ஸு வரலியே தம்பி.”

“அது பேப்பருக்கு நல்லா இருக்காதுக்கா.”

“அப்படியா” என்று மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டார். உள்ளிருந்து வசந்தா என்னைப் பார்த்தாள். அந்த அக்கா போன பிறகுதான் பேசினாள்.

“இந்தா, இப்பவே சொல்லிடறேன். நான் செத்தா எனக்கு இந்த எழவெல்லாம் போடாத. விளக்கு, தீபம்னு எதையாச்சும் எழுதுன, திரும்ப வந்து கழுத்த நெரிப்பேன். என்னயப் பத்தி உண்மையா எழுத வந்தா எழுது. வரலன்னா வாய மூடிட்டு இரு. அதுதான் உனக்கு நல்லா வருமே.”

இதைத்தான் ‘சும்மா பேசறப்ப’ என்று மச்சானிடம் சொன்னேன். முழுதாகச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரா, தெரியாது.

குரங்குகூட வாங்கவில்லை

மச்சான் போன மறுநாளே உட்கார்ந்தேன். பேனா இருந்தது, பேப்பர் இருந்தது. ‘வசந்தா’ என்று எழுதினேன். அதற்குக் கீழே வெள்ளையாகவே இருந்தது.

விளக்கு என்று எழுத வந்தால் அவள் சிரிப்பது கேட்டது. விளக்கை விட்டுவிட்டு உண்மையாக எழுதலாம் என்றால், உண்மைக்கு எனக்குச் சொல் இல்லை. இத்தனை வருடமாக நான் எடுத்துப் பழகிய சொற்களெல்லாம் ஒரே கடையில் வாங்கியவை. அந்தக் கடையில் அவளுக்கு ஏற்றது ஒன்றும் இல்லை.

கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று யோசிப்பேன். முதலாளி பார்த்துவிட்டார். அவருடைய வாப்பா கடற்கரை ஊரிலிருந்து கப்பலில் வந்து இந்தக் கடையை ஆரம்பித்தவர். முதலாளி அதிர்ந்து பேசமாட்டார்.

“என்ன மணியம், பாலு பொங்குது, நீங்க பாட்டுக்கு நிக்கிறீங்க?”

சொன்னேன்.

“இதுக்கா இவ்வளவு? வீட்டுக்காரம்மாவ நெனச்சுத் துஆ கேளுங்க. எழுத்தெல்லாம் எதுக்கு? ஆண்டவனுக்கு கவிதை புடிக்கும்னு யாரு சொன்னா?”

அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மச்சானுக்குப் பிடிக்காது.

ஒரு விடுமுறை நாளில் மெலாவாத்தி மலைமேல் போய் உட்கார்ந்தேன். கடல் காற்றில் ஏதாவது வரும் என்று. அங்கே சுற்றுலாக்காரர்கள் குரங்குகளுக்குப் பயறும் பழமும் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குரங்கு வந்து என் கையிலிருந்த தாளைப் பிடுங்கியது. புரட்டிப் பார்த்தது. முகர்ந்தது. ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கீழே போட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டது.

மகள் யமுனா ஷா ஆலாமிலிருந்து வார இறுதியில் வருவாள். அவளிடமும் கேட்டுப் பார்த்தேன்.

“அப்பா, ஜஸ்ட் ரைட் எனிதிங்லா. யாரும் படிக்கப் போறதில்ல. ஃபோட்டோதான் பாப்பாங்க.”

“மாமா படிப்பாரு.”

“மாமாவுக்கு நான் ஏஐல ஒண்ணு எடுத்துத் தரட்டுமா? டூ மினிட்ஸ்.”

கைப்பேசியில் எடுத்தும் காட்டினாள். அதிலும் விளக்குதான் இருந்தது.

அந்த நான்கு வரி அடைத்துக்கொண்டதும் பின்னாலிருந்த எல்லாம் அடைத்துக்கொண்டது. இந்தத் தொடருக்கு எழுத உட்கார்ந்தால், தோட்டத்து ரப்பர்ப் பால் கொட்டகையை எழுதினால், அங்கே அவள் நின்றாள். ஆற்றை எழுதினால் துணி துவைத்தாள். அவளைத் தாண்டி ஒரு பத்திகூடப் போகமுடியவில்லை. அவளை எழுதவும் முடியவில்லை.

கெர்லிங்கிலிருந்து ஒரு போன்

நடுவில் ஒன்று நடந்தது. கெர்லிங்கிலிருந்து ஒருவர் போன் செய்தார். அப்பா தவறி ஒரு வருடமாம். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். நான் காதுக்கும் தோளுக்கும் இடையில் போனை வைத்துக்கொண்டு, தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டே, நான்கு வரியையும் சொல்லி முடித்தேன். எதுகைகூடத் தப்பவில்லை. மறுமுனையில் அந்த ஆள் மூக்கைச் சிந்துவது கேட்டது.

குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

கெர்லிங்காரர் மச்சானுக்குத் தெரிந்த லோரிக்காரர் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த நாளே மச்சானின் குரல் வந்தது.

“கெர்லிங்காரன் அப்பனுக்கு வருது. என் தங்கச்சிக்கு வரல. அப்படித்தானே?”

“அது வேற மச்சான்.”

“என்னா வேற?”

எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை வாயால் சொல்ல வரவில்லை. அந்த அப்பாவை எனக்குத் தெரியாது, அதனால் வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். “மச்சான், மச்சான்” என்று இரண்டு தடவை சொன்னேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்.

திதி அன்று

திதியன்று காலையில் படையல் போட்டோம். அவளுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். வாழைப்பூ வடை, புளி மாங்காய், மீன் அப்பளமான கெரோப்போக் ஒரு பாக்கெட். யமுனா அதைப் பிரித்துத் தட்டில் கொட்டினாள்.

வாசல் மிதிக்க மாட்டேன் என்ற மச்சான் வந்தார். தங்கைக்காக வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கையில் பேப்பர் கட்டு. நேராகப் போய் ஒன்றை மடித்துப் படையலில், படத்துக்கு முன்னால் வைத்தார். மற்றதை வந்திருந்த உறவுகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

கால் பக்கம். கலரில். மாம்பழப் பட்டு, அட்டிகை. படத்துக்குக் கீழே:

*குன்றாத விளக்கே, குளிர்நிழல் மரமே,*
*சென்ற இடம் எங்கே, சொல்லாமல் போனதேன்?*

மீதியை நான் படிக்கத் தேவையில்லை.

“எங்க புடிச்சீங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

“பேப்பர் ஏஜெண்டுகிட்ட மாதிரி கவிதையெல்லாம் வச்சிருக்கான்லா. எத்தனையோ காட்டுனான். ஒண்ணும் மனசுல ஒட்டல. இதப் படிச்சேன் பாருங்க, அங்கயே கண்ணுல தண்ணி வந்திருச்சி. எந்தக் காலத்துல யாரு எழுதுனதோ, அவனுக்கே தெரியலயாம்.” மச்சான் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “எழுதுனவன் மனுசன். பொண்டாட்டியோ தாயோ, யாரையோ பறிகொடுத்துட்டு அனுபவிச்சி எழுதியிருக்கான். கல்லு மனசு உள்ளவனுக்கெல்லாம் வராது இது.”

கூட்டம் என்னைப் பார்த்தது. ஒரு பெரியம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சொல்லியிருக்கலாம். அது ஒரு மண்டோரின் அம்மாவுக்காகப் பயத்தில் எழுதியது, குழாயைப் பூட்டிய கிழவிக்கு, என் மகள் கைப்பிள்ளையாக இருந்தபோது. சொன்னால் மச்சானுக்கு அந்த அழுகையும் போய்விடும். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

“நல்லா இருக்கு மச்சான்” என்றேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். சாப்பிடாமலே கிளம்பினார். அதற்குப் பிறகு வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை.

ஒரு பக்கம் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவள் கழுத்துக்குக் கீழே யாருடையதோ உடம்பு. அதற்குக் கீழே யாருக்கோ எழுதிய வரி. முகம் மட்டும் அவளுடையது. அந்த முகமும் சிரித்துக்கொண்டிருந்தது. அடையாள அட்டையின் ஐசி படத்தில் அவள் சிரித்ததே இல்லை. ஸ்டூடியோக்காரன் வாயையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறான்.

நெத்திலி

பொங்கல் போய்த் தைப்பூசமும் போனது. ஒரு மதியம் எனக்கு விடுப்பு. யமுனாவும் வீட்டில் இருந்தாள். சம்பல் செய்யலாம் என்று நெத்திலியை எடுத்து வைத்தாள். நான் பழைய பேப்பர் அடுக்கிலிருந்து கைக்கு வந்ததை உருவித் தரையில் விரித்தேன். அந்தப் பக்கம்தான் வந்தது. எங்களிடம் மிஞ்சிய கட்டு அந்த அடுக்கிலேயே இருந்தது.

மடித்து வைத்துவிட்டு வேறு எடுக்க நினைத்தேன். பிறகு எடுக்கவில்லை. நெத்திலியை அதன் மேலேயே கொட்டினேன்.

“அப்பா. அம்மா ஃபோட்டோப்பா அது.”

“தெரியும்.”

“மாமா பாத்தாருன்னா செத்தோம்.”

“உங்கம்மா இதுலதான்மா ஆய்வா. இந்தப் பக்கத்துலதான். ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துப் பாத்து, இன்னிக்கு எத்தன விளக்கு அணைஞ்சிருக்குன்னு எண்ணிக்கிட்டே ஆய்வா.”

யமுனா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து அவளும் ஒரு தலையைக் கிள்ளினாள். அட்டிகை மேல் தலைகள் சேர்ந்தன. ‘குளிர்நிழல் மரமே’ உப்புத் தண்ணீரில் ஊறி, பின்பக்கத்து அச்சு அதில் தெரிந்தது.

கையைக் கழுவாமலே எழுந்து போய்ப் பேனாவை எடுத்தேன். இந்தத் தாளின் ஓரத்தில் கறை இருந்தால் அது நெத்திலிதான். மன்னிக்க வேண்டும்.

இதை எந்தப் பேப்பரும் கட்டம் கட்டிப் போடாது. மச்சான் படித்தால் தங்கையை அவமானப்படுத்திவிட்டேன் என்பார். அதற்குப் பிறகு அவர் வரவே மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். எதுகையும் இல்லை. நான்கு வரியாகவும் வரவில்லை. வந்தபடி எழுதுகிறேன்.

வசந்தா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினாள். பிறகு கையுறைத் தொழிற்சாலையில் தரை துடைத்தாள். வேலை முடிந்து வந்தால் குளிக்கும் வரை யாரும் பேசக்கூடாது. நெத்திலியை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே ஆய்வாள். என்னையும் திட்டுவாள், அதைவிடக் கொஞ்சம் சத்தமாக. நான் எழுதிய எல்லாவற்றையும் படித்தாள். ஒன்றைக்கூட நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது, கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாயா என்று. அணைத்திருந்தேன். சொல்வதற்குள் தூங்கிவிட்டாள்.

எழுதி முடித்தது: தைப்பூசம் கழிந்த மறு புதன்கிழமை, சம்பல் ஆறுவதற்கு முன்.